கிதார் இல்லாத தொடக்கம்

பஸ்ஸில் பக்கத்து இருக்கை இளைஞனின் ஹெட்போனிலிருந்து கசிந்த முதல் சில நொடிகளிலேயே தெரிந்துவிட்டது. வான் ஹேலன் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் ‘ஜம்ப்’ பாடல்!

அந்தத் தொடக்கத்தில் கிதாரே கிடையாது. ஓபர்ஹைம் நிறுவனத்தின் சிந்தசைசர் என்ற மின்னணு கீபோர்டு எழுப்பும் அகன்ற, பளிச்சென்ற ஒலிதான் நம்மை நிமிர வைக்கிறது.

வாசித்தவரோ, கிதாருக்காகவே உலகம் கொண்டாடிய எட்டி வான் ஹேலன்.

கிதார் நாயகன் கீபோர்டு முன் நிற்பதைப் பாடகர் டேவிட் லீ ராத் விரும்பவில்லை. எட்டி விடவில்லை. தன் வீட்டு ஸ்டுடியோவிலேயே பாடலைப் பதிவுசெய்தார். 1984-இல் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசைப் பட்டியலில் 5 வாரம் முதலிடம். அக்குழுவுக்கு அங்கே அந்த இடத்தைத் தந்த ஒரே பாடல் இதுதான்.

நடுவில் கிதார் சீறுகிறது. அடங்குவதற்குள் கீபோர்டு மேலேறுகிறது. இரண்டும் ஒரே மனிதரின் விரல்கள்!

அவருடைய வேகத்தைப் பலரும் புகழ்கிறார்கள். புகழ் தந்த கருவியைச் சற்றே ஓரமாக வைத்த அந்தத் துணிச்சல்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.