தலையணைக்குக் கீழே பைபிள்

2011 ஆகஸ்ட். பாளையங்கோட்டையில் ஒரு மாடி ரூம், வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ள மூன்று பேர். நான் சி.எஸ்.ஐ. சர்ச் பையன், ஞாயிறு பள்ளி, வாலிபர் கூட்டம் என்று வளர்ந்தவன். இன்னொருவன் காயல்பட்டினம். அவன் வந்த முதல் வாரமே என் ஜெபக்குறிப்பு நோட்டில் அவன் பெயரை எழுதிவிட்டேன். (பல வருஷம் கழித்து இதைச் சொன்னபோது சிரித்தான். அவனும் அதே வாரம்தான் எனக்காக துஆ கேட்க ஆரம்பித்தானாம்.)

சபையில் ஒரு அண்ணன் கொடுத்த சின்னப் புத்தகம் என்னிடம் இருந்தது. முஸ்லிம்கள் இப்படிக் கேட்டால் இந்த வசனம், அப்படிக் கேட்டால் அந்த வசனம் என்று பரீட்சை கைடு மாதிரி இருக்கும். மனப்பாடமே செய்து வைத்திருந்தேன். அவன் கேட்ட முதல் கேள்வி அதில் இல்லை. "இறைவேதம்னு சொல்ற, தலையணைக்குக் கீழ வச்சிருக்க?"

அவனுடைய குர்ஆன் அலமாரியில் எல்லாவற்றுக்கும் மேல் தட்டில், பச்சைத் துணியில் சுற்றி இருக்கும். ஒளு செய்யாமல், அதாவது தொழுகைக்குப் போல கை, கால், முகம் கழுவாமல், தொட மாட்டான். என் பைபிளில் மூன்று கலர் பேனா கோடு, அடையாளத்துக்கு பஸ் டிக்கெட், ஓரத்தில் டீக்கறை. தினமும் கையில் புழங்குவதால்தான் இப்படி என்று சமாளித்தேன். பாதி உண்மை, மீதி என் சோம்பேறித்தனம். அன்றைக்கே பைபிள் அலமாரிக்கு ஏறியது. சுவிசேஷம் சொல்லப்போனவன்தான் முதலில் மாறினான்!

அது நோன்பு மாதம். சாயங்காலம் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்கத் தூக்குவாளியோடு போவான், நானும் கூடப் போவேன். வெந்தயமும் பூண்டும் மணக்கும் அந்தக் கஞ்சியை நடுவில் வைத்துக்கொண்டு பேசியதுதான் உருப்படியான பேச்செல்லாம். மரியாளைப் பற்றி என்னைவிட அவனுக்குத்தான் நிறையத் தெரிந்திருந்தது. குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் அவர்தான், 19வது சூராவே அவர் பெயரில்தான் இருக்கிறது, பேரீச்ச மரத்தடியில் பிரசவ வலியில் அவர் தவித்தது அதில் வருகிறது என்று அவன் சொல்லச் சொல்ல, எங்கள் சபையில் கிறிஸ்மஸுக்கு மட்டும் அவரை ஞாபகம் வைத்துக்கொள்கிறோமே என்று எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

'தேவகுமாரன்' என்ற சொல்தான் பெரிய சிக்கல். கடவுள் ஒரு பெண்ணோடு சேர்ந்து பிள்ளை பெற்றார் என்று நாங்கள் நம்புவதாகவே அவன் அதுவரை நினைத்திருந்தான். சேச்சே, அதை நாங்களும் மறுக்கிறோம் என்று சொன்னதும் அவன் முகத்தில் ஒரு ஆச்சரியம். அந்தத் தைரியத்தில் புத்தகத்தில் படித்த அஸ்திரத்தை எடுத்தேன். குர்ஆனே ஈஸாவை, அதாவது இயேசுவை, அல்லாஹ்வின் வார்த்தை என்கிறது, யோவானும் "ஆதியிலே வார்த்தை இருந்தது" என்றுதான் தொடங்குகிறார், பார்த்தாயா என்றேன். அவன் அசரவில்லை. "அல்லாஹ் ஆகுன்னு சொன்னான், ஈஸா நபி ஆனாரு. ஆதம் நபியும் அப்படித்தான்" என்று அமைதியாகச் சொல்லிவிட்டுக் கஞ்சியைக் குடித்தான். புத்தகத்தில் அடுத்த பக்கம் இல்லை.

அப்புறம் சிலுவை. ஈஸா நபி சிலுவையில் சாகவே இல்லை என்பது அவன் நம்பிக்கை. அது இருக்கட்டும், "அல்லாஹ் நினைச்சா சும்மா மன்னிக்க முடியாதா?" என்று கேட்டான். நான் லூக்கா 15ல் உள்ள கெட்ட குமாரன் கதையைச் சொன்னேன்: சொத்தைப் பிரித்து வாங்கிப் போய் அழித்துவிட்டுத் திரும்பும் இளைய மகனை அப்பா ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார், மூத்தவன் கோபித்துக்கொண்டு வெளியே நிற்கிறான். ஆழ்ந்து கேட்டுவிட்டு, "இதுல சிலுவை எங்க இருக்கு? வாப்பா சும்மாதான மன்னிச்சாரு? இது எங்க பக்கத்துக் கதைடா" என்றான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

நாலு நாள் கழித்துத்தான் பதில் கிடைத்தது, அதுவும் கேள்வியாக. "உங்க ஊர்ல ஒரு பெரிய மனுஷன், உயிரோட இருக்கும்போதே சொத்தைப் பிரிச்சு வாங்கிட்டுப் போன மகன் திரும்பி வர்றான்னு தெருவுல ஓடுவாரா?"

"ஓட மாட்டாரு. மானம் போயிரும்."

"அந்த மானத்தைத்தான் இவர் கொடுத்தாரு. மன்னிப்பு வாங்குனவனுக்குத்தான் சும்மா, கொடுத்தவருக்கு இல்ல. எனக்குச் சிலுவை அதுதான்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "நல்லா இருக்கு. ஆனா ஒத்துக்க முடியாது." சரி என்று விட்டுவிட்டேன். பேதுருவின் முதல் நிருபத்தில் "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும்" சாந்தத்தோடு உத்தரவு சொல்லச் சொல்லியிருக்கிறது. அந்த வசனத்தை எத்தனையோ தடவை ஒப்பித்திருக்கிறேன், 'கேட்கிற' என்ற சொல் அன்றுதான் கண்ணில் பட்டது.

இப்போது எங்கள் சபை வாலிபர்கள் முஸ்லிம் மாணவர்களிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டு வருகிறார்கள். நபியைத் தாழ்த்திப் பேசினால் பேச்சு அதோடு முடிந்தது, கைப்பிரதியை அவன் பையில் ஒளித்து வைக்காதே, உன்னிடமும் அவன் அவனுடைய மார்க்கத்தைச் சொல்வான், காது கொடு என்பேன். அந்தப் பையன் ஒருவேளை மாறினால் வீடு, கல்யாணம், ஊர் என்று அவன் இழக்கக்கூடியது எவ்வளவு என்று யோசிக்காமல் எண்ணிக்கைக்கு ஆள் சேர்ப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அவன் மாறவில்லை. நானும்தான். 2025 மார்ச்சில் அவர்கள் நோன்பும், ஈஸ்டருக்கு முன் நாங்கள் நோன்பிருக்கும் லெந்து நாட்களும் சேர்ந்து வந்தன. "உங்க நோன்புல தண்ணி குடிக்கலாமா?" என்று மெசேஜ் அனுப்பினான். குடிக்கலாம் என்றேன். "அப்ப அது நோன்பே இல்ல." கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று: "அந்தக் கதையில கோவிச்சுக்கிட்டு வெளிய நின்ன மூத்தவன், கடைசியில வீட்டுக்குள்ள போனானா இல்லையா?"

லூக்கா அதை எழுதவில்லை என்று பதில் போட்டேன். நம்பவில்லை. மறுநாள் சஹருக்கு, அதாவது நோன்பு தொடங்கும் முன் விடியற்காலைச் சாப்பாட்டுக்கு, எழுந்த நேரத்தில், "நல்லாத் தேடிப் பாரு" என்று அனுப்பியிருந்தான்.