எந்தக் கை?

படம் பதிந்த தகட்டைக் கையில் வாங்கியதும் அந்தத் தோடர் பெரியவர் தன் முகத்தைத் தேடவில்லை. போர்த்தியிருந்த பூத்துக்குளி என்ற பூவேலைச் சால்வையைத்தான் உற்றுப் பார்த்தார்.

"தம்பி, வெளிய தெரியறது இடது கையில்ல?"

"கண்ணாடியில பாக்குற மாதிரிங்க ஐயா. தகட்டுல நேரா எடுக்கிறதால பக்கம் மாறித்தான் வரும்."

"கண்ணாடிய நான் மட்டும் பாப்பேன். இத எம் பேரன் பாப்பான்ல?"

பேச்சு அவ்வளவுதான். கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் ரசாயனம் பூசிய ஈரத் தகட்டிலேயே நேராகப் படம் பிடிக்கும் வெட் பிளேட் என்ற பழைய முறையில் உருவப்படம் எடுப்பவர்கள் யாரும் அந்தக் கேள்வியைச் சுலபமாகத் தாண்டிப் போக முடியாது. பூத்துக்குளியை ஆண்கள் இடது தோளில் போட்டு வலது கையை வெளியே விடுவார்கள். எருமைப் பாலைக் கையாளும் புனித இடமான பால் கோயிலுக்கு முன்னும் பெரியவர்கள் முன்னும் வலது தோளைத் திறந்து வைப்பது மரியாதை. தகடு அதை அப்படியே திருப்பிப் போட்டுவிடுகிறது. பண்பாட்டை மதித்து எடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு எடுத்த படத்தில், மதிப்பதற்கான அடையாளமே பக்கம் மாறி நிற்கிறது.

நியாயம் சொல்ல இடம் உண்டு. பிலிமில் லென்ஸ் புரட்டியதை அச்சிடும்போது மறுபடி புரட்டிவிடுகிறோம். உலோகத் தகட்டில் எடுக்கும் டின்டைப்பில் கேமராவுக்குள் போன தகடேதான் படம். நடுவில் அச்சு கிடையாது, அதனால் திரும்ப வழியும் கிடையாது. எடுப்பதற்கு முன்பே இதைச் சொல்லியும் ஆயிற்று. ஆனால் 'பேரன் பாப்பான்' என்றதை வெறும் கவலை என்று தள்ள முடியவில்லை. அமெரிக்காவின் பழைய கொள்ளைக்காரன் பில்லி த கிட் இடது கைக்காரன் என்று பல காலம் நம்பினார்களே, அதற்குக் காரணம் ஒரே ஒரு டின்டைப். அவன் பிடித்திருந்த வின்செஸ்டர் துப்பாக்கியில் தோட்டா போடும் வாய் வலப்பக்கம்தான் இருக்கும், படத்தில் இடப்பக்கம் இருக்கிறதே என்று கவனித்த பிறகுதான் விஷயம் தெளிந்தது. பூத்துக்குளியில் அப்படிக் காட்டிக்கொடுக்க என்ன இருக்கிறது? வழக்கம் தெரிந்த ஆள் இருந்தால்தான் உண்டு.

சரிசெய்யும் வழி ஒன்று இருக்கிறது, தொழிலில் உள்ள எல்லாருக்கும் தெரியும். கறுப்பு அலுமினியத் தகட்டுக்குப் பதிலாகத் தெளிந்த கண்ணாடியில் எடுத்து, படம் பதிந்த படலம் இருக்கும் பக்கத்தின் பின்னால் கறுப்புத் துணியோ கறுப்பு வார்னிஷோ வைத்து, கண்ணாடிப் பக்கத்திலிருந்து பார்த்தால் கை சரியான பக்கத்தில் இருக்கும். ஆனால் வெள்ளை சற்று மங்கும். கறுப்பு வார்னிஷைப் படலத்தின் மேலேயே பூசினால் சில வருஷங்களில் வெடித்துப் படத்தையும் உரித்துக்கொண்டு போகும் அபாயம் உண்டு, அதனால் துணியோ கறுப்பு அட்டையோ நல்லது. கண்ணாடியின் விளிம்பை வைரக்கல்லில் தேய்க்காமல் விட்டால் ஓரத்திலிருந்து படலம் கிளம்பும். எல்லாவற்றுக்கும் மேல், அது உடையும். மலையில் ஈரச் சுவரில் ஆணியடித்து மாட்டும் பொருளுக்குத் தகடுதான் உகந்தது என்று முடிவு செய்தது அந்தக் கணக்கில்தான். கணக்கு தப்பில்லை. யாருடைய கணக்கு என்பதுதான் உறுத்துகிறது.

ஊட்டிக் குளிரில் இந்த வேலை சமவெளியில் செய்வது போல நடக்காது. தகட்டில் ஊற்றும் பிசுபிசுப்பான கரைசலான கொலோடியனில் இருக்கும் ஈதர் 35 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே கொதித்துவிடும். சென்னை வெயிலில் தகட்டில் ஊற்றி முடிப்பதற்குள் ஓரம் காய்ந்துவிடும். மலையில் நேர்மாறு: 4க்கு 5 அங்குலத் தகட்டுக்கு 15 மில்லி ஊற்றி, நாலு மூலைக்கும் ஓடவிட்டு, மிச்சத்தைப் புட்டிக்குள் வடித்த பிறகும் படலம் இறுகச் சுணங்கும். அவசரப்பட்டு வெள்ளிக் குளியலில் இறக்கினால் சுருங்கிக் கிழியும். மூலையை விரல் நுனியால் தொட்டால் ரேகை பதிய வேண்டும், ஆனால் ஒட்டக் கூடாது. 9 சதவீத சில்வர் நைட்ரேட்டில் மூன்று நான்கு நிமிடம். பிறகு ஈரம் காய்வதற்குள், பத்து நிமிடத்துக்குள், எடுத்து டெவலப் செய்தாக வேண்டும். 20 டிகிரியில் 15 விநாடியில் வேலை முடிக்கும் பெரஸ் சல்பேட் டெவலப்பர், 12 டிகிரியில் ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் கேட்கும். லைட் மீட்டரை நம்பிப் பயனில்லை, கொலோடியன் பார்ப்பது நீலத்தையும் புற ஊதாவையும்தான். மாலை நாலு மணிக்கு வெளிச்சம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும், தகட்டுக்கோ நேரம் இரட்டிப்பாகும். பிளேட் ஹோல்டரின் கீழ் விளிம்பில் மை உறிஞ்சும் தாள் துண்டு வைக்காவிட்டால் வழியும் வெள்ளி மூலைகளில் கறை போடும். படம் அழியாமல் நிலைக்கச் செய்ய, அதாவது பிக்ஸ் செய்ய, ஹைப்போ கரைசல் போதும். பொட்டாசியம் சயனைடில் படம் இன்னும் வெளுப்பாக வரும் என்பார்கள், ஆனால் குழந்தைகள் சுற்றி நிற்கும் தோடர் குடியிருப்பான மந்தில் அதற்கு இடமே இல்லை. கழுவிய தண்ணீரைக் கேனில் திருப்பி எடுத்துக்கொண்டு வர வேண்டும். எருமை குடிக்கும் ஓடையில் வெள்ளியை விடலாமா?

நிழலில் எடுத்தால் ஐந்தாறு விநாடி அசையாமல் இருக்க வேண்டும், அதற்குத் தலைக்குப் பின்னால் இரும்புத் தாங்கி. பழைய ஸ்டூடியோக்களில் அது சாதாரணம். ஆனால் வெள்ளைக்காரர் காலத்து மானிடவியலாளர் எட்கர் தர்ஸ்டன் இடுக்கி வைத்துத் தலைகளை அளந்த மலை இது. அந்தத் தாங்கியைக் காட்டும்போதே ஒரு மாதிரி இருக்கும். முதுகுள்ள நாற்காலியும் மடியில் ஊன்றிய கையும் இருந்தால் பெரும்பாலும் தாங்கி தேவைப்படாது.

கை விஷயத்துக்காவது கண்ணாடி இருக்கிறது. சிவப்புக்கு ஒன்றுமே இல்லை. பூத்துக்குளியின் வெள்ளைத் துணியில் ஓடுவது கறுப்பும் சிவப்பும். கொலோடியனுக்குச் சிவப்பு தெரியாது, இரண்டும் ஒரே கறுப்பாக விழும். மாதிரி வரையாமல் இழையை எண்ணி எண்ணித் தைத்த பெண்ணுக்கு, 2013ல் புவிசார் குறியீடு பெற்ற அந்த வேலையில் பாதி காணாமல் போவது தெரியாமலா இருக்கும்? தோல் நிறமும் உள்ளதைவிட ஒரு படி கறுத்தே வரும். வெள்ளைப் பலகையை எதிரே பிடித்து, நேரத்தைக் கொஞ்சம் கூட்டினால் ஓரளவு மட்டுப்படும்.

அமெரிக்கப் பழங்குடியான பீகன் மக்களின் கூடாரத்துக்குள் இருவருக்கு நடுவே இருந்த கடிகாரத்தைப் புகைப்படக்காரர் எட்வர்ட் கர்டிஸ் அழித்து அச்சிட்டார் என்பதை இந்தத் துறையில் சொல்லாதவர்கள் கிடையாது. 'நாங்கள் எதையும் எடுப்பதில்லை, ஸ்வெட்டர், மூக்குக்கண்ணாடி, செல்போன் எல்லாம் அவர்கள் இஷ்டம்' என்று பெருமையாகச் சொல்லலாம். கர்டிஸ் கையால் செய்ததை இங்கே ரசாயனம் செய்கிறது, அவ்வளவே வித்தியாசம்.

அப்படியானால் இந்த முறை எதற்கு? வில் வில்சன் என்ற, நவஹோ பழங்குடியைச் சேர்ந்த புகைப்படக்காரர் 2012ல் அமெரிக்காவின் சாண்டா ஃபேயில் தொடங்கிய திட்டம்தான் பலருக்கும் முன்மாதிரி. உட்கார்ந்தவருக்கே தகடு போய்விடும், தான் ஸ்கேனை மட்டும் வைத்துக்கொள்வார். உலகத்தில் அந்தப் படம் ஒன்றுதான், அது படத்தில் இருப்பவர் வீட்டில் இருக்கும். ஹைப்போவில் நீலப் புகை விலகி முகம் எழும்போது உட்கார்ந்தவரும் கூட நின்று பார்ப்பார். இதெல்லாம் உண்மை. கலர் டிஜிட்டலும் ஒரு சிறிய பிரின்டரும் இருந்தால் கையும் சரியாக வரும், சிவப்பும் வரும், பத்து நிமிடத்தில் கையில் கொடுத்துவிடலாம் என்பதும் உண்மை. பழைய முறையின் சுகம் எடுப்பவருக்கா, உட்காருபவருக்கா என்று கேட்டால் நேர்மையான பதில் சங்கடமானது.

சம்மதத்தை இரண்டு தடவை கேட்பது நல்ல வழக்கம், எடுக்கும் முன் ஒன்று, படத்தைப் பார்த்த பின் ஒன்று. வீட்டுக்கு, கண்காட்சிக்கு, புத்தகத்துக்கு என்று தனித்தனி வரியாக, வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். படக்குறிப்பை அவரே சொல்ல, சொன்னபடியே ஒலிப்பதிவில் இருக்க வேண்டும், பெயரும் மந்தின் பெயரும் அவர் உச்சரிப்பில். பால் கோயிலின் உட்புறம் பேச்சுக்கே இடமில்லை. இவ்வளவையும் ஒழுங்காகச் செய்த இடத்தில்தான் அந்தக் கேள்வி வந்தது.

பெரியவர் தகட்டையும் வைத்துக்கொண்டார், பக்கம் திருப்பிய காகிதப் பிரதி ஒன்றும் கேட்டு வாங்கினார். ஸ்கேனை எப்படி வைப்பது? திருப்பி வைத்தால் தகட்டோடு ஒத்துப்போகாது, திருப்பாவிட்டால் அவரோடு ஒத்துப்போகாது. இரண்டையும் வைத்து, எது எது என்று கோப்பின் பெயரிலேயே எழுதி வைப்பதோடு சரி.

இப்போது கொலோடியன் ஊற்றும் முன் இரண்டு மாதிரிகளை முன்னால் வைக்கிறோம்: ஒரே ஆளைத் தகட்டில் எடுத்தது ஒன்று, கண்ணாடியில் எடுத்துத் திருப்பி வைத்தது ஒன்று. எந்தக் கை என்று விரலால் காட்டி, உடையும், உடையாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். முடிவை அவர்கள் தலையில் கட்டிவிட்டுத் தப்பிக்கிறோமோ என்றும் தோன்றுகிறது. அதற்கப்புறமும் சிலர் தகட்டைத்தான் கேட்கிறார்கள். கை மாறி வருமே என்றால், கீழே விழுந்தாலும் ஒன்றும் ஆகாதில்ல, அது போதும் என்கிறார்கள்.