வீட்டுக்கு அனுப்பும் நேரத்தில்தான் கவனம் வேண்டும்

பள்ளி விட்டபின் நடத்தும் வகுப்புகளில் சிக்கல் வருவது பெரும்பாலும் இடம் மாறும்போதும், வீட்டுக்கு அனுப்பும்போதும்தான். கழிப்பறைக்குப் போனவனை விட்டுவிட்டு மொத்தக் கூட்டமும் மைதானத்துக்குப் போய்விடும். கிளம்பும் முன்பும் போய்ச் சேர்ந்த பின்பும் பட்டியலை வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். தலையை மட்டும் எண்ணினால், ஒருவன் நழுவி வேறு குழுப் பையன் ஒருவன் புகுந்தாலும் கணக்கு சரியாகவே வரும்.

யார் யார் அழைத்துப் போகலாம் என்பதை, பிள்ளையை வகுப்பில் சேர்க்கும்போதே பெற்றோரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். "நான் இவனோட மாமா" என்று பட்டியலில் இல்லாதவர் வந்து நின்றால், பிள்ளை சிரித்துக்கொண்டே ஓடினாலும் அனுப்பக் கூடாது. பெற்றோருக்குப் போன் போடுங்கள். வந்தவர் சொல்லும் நம்பருக்கு அல்ல, படிவத்தில் உள்ள நம்பருக்கு. முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். கடைசிப் பிள்ளை கிளம்பும்வரை பெரியவர்கள் 2 பேர் இருக்க வேண்டும். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கை வைப்பது இந்தக் கடைசி அரை மணி நேரத்தில்தான்.