திருநீற்றுப் புதன் அல்லாத ஒரு மாலை

திருச்சியிலிருந்து கரூர் செல்லும் பேருந்தில் ஏறி, குளித்தலைக்குச் சற்று முன்னால் தண்ணீர்ப்பள்ளியில் இறங்கினால், காவிரிக் கரைத் தோப்புக்குள் சச்சிதானந்த ஆசிரமம் இருக்கிறது. சாந்திவனம் என்றால் பலருக்கும் தெரியும். பிரான்சிலிருந்து வந்த ஜூல் மோன்ஷானென், ஆன்ரி லெ சோ என்ற இரு கத்தோலிக்கக் குருக்கள் 1950இல் இதைத் தொடங்கினார்கள். லெ சோ பின்னாளில் அபிஷிக்தானந்தர் என்று அறியப்பட்டார். 1968இல் கேரளத்திலிருந்து வந்து பொறுப்பேற்ற ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ், 1993இல் இங்கேயே உயிர்நீத்தார். தந்தை, மகன், தூய ஆவி என்னும் மூவொரு கடவுளைச் சத்து (இருப்பு), சித்து (அறிவு), ஆனந்தம் என்ற சொற்களின் வழியே தியானித்தவர்கள் இவர்கள். இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் போனேன். கண்ணை மூடி உட்கார்ந்தபோது படித்தது எதுவும் உதவவில்லை.

காலையிலும் மாலையிலும் அங்கே மௌனத் தியானம் உண்டு. பிறவிக் கத்தோலிக்கனான எனக்குச் செபம் என்றால் உதடு அசைய வேண்டும். செபமாலை, நவநாள், மன்றாட்டு என்றே பழகியவன். முதல் மாலை ஆற்றங்கரையில் ஆண்டவருக்காகக் காத்திருந்தேன். வந்தது என் அண்ணன். அப்பாவின் வீட்டைப் பாகம் பிரித்த அன்று அவர் சொன்ன ஒரு சொல்லும், அதற்கு நான் சொல்லாமல் விழுங்கிய பதிலும் உடன் வந்தன. அந்தப் பதிலைப் பதினொரு ஆண்டுகளாகத் திருத்தித் திருத்தி மெருகேற்றி வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. 'எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பது போல' என்று அன்றாடம் சொல்லிவந்ததும் இதே வாய்தான்.

சிற்றாலய வழிபாட்டில் ஆரத்தி காட்டுகிறார்கள்; காலையில் சந்தனமும் நண்பகலில் குங்குமமும் மாலையில் திருநீறும் இடுகிறார்கள். இம்முறையை விரும்பாதவர்கள் நம்மிடையேயும் உண்டு, இந்துக்களிடையேயும் உண்டு. அந்த வழக்கைத் தீர்க்க நான் போகவில்லை. ஆனால் திருநீற்றுத் தட்டு என்னிடம் வந்ததும் தலை தானாகப் பின்வாங்கியது. தவக்காலத் தொடக்கத்துக்குத் திருநீற்றுப் புதன் என்று பெயர் வழங்கி, குருத்தோலையை எரித்த சாம்பலை ஆண்டுதோறும் நெற்றியில் வாங்கி வளர்ந்தவன் நான். எதற்குப் பின்வாங்கினேன் என்று இரவு படுக்கையில் யோசித்தபோது, விசுவாசம் என்று நான் காத்துவந்ததில் பாதி, எங்கள் பங்குக் கோயிலில் யார் என்ன சொல்வார்களோ என்ற கணக்காகவே இருந்தது. அதைச் சொல்லி மன்றாட என்னிடம் மனப்பாடச் செபம் எதுவும் இல்லை.

மறுநாள் விடியலில் அண்ணன் மீண்டும் வந்தார். இம்முறை நான் விரட்டவில்லை. கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசைக்கு என்னைச் சைக்கிளில் முன்கம்பியில் வைத்து அழைத்துப்போனபோது, தூக்கக் கலக்கத்தில் என் கால் சக்கரத்துக்குள் போய்விடாதபடி, தம் துண்டால் என் இரு கணுக்கால்களையும் சேர்த்துக் கட்டியிருந்தார். அந்த முடிச்சின் இறுக்கம்கூட நினைவுக்கு வந்தது.

திரும்பும் பேருந்தில் அந்தப் பழைய பதிலைச் சொல்லிப் பார்த்தேன். ஒரு சொல் குறையாமல் அப்படியே இருந்தது. அடுத்த மாதமும் இரண்டு நாள் தங்க இடம் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.