சில்லுப் பூட்டிய சாமான் பெட்டி: கல்லடியில் ஐந்து மாதம்

போன ஐப்பசியில் ஒரு நாள் 15ஆம் நம்பர் ஸ்பனரைத் தேடியே முக்கால் மணித்தியாலம் போனது. பால்மா டின் ஏழு, பிஸ்கட் டின் இரண்டு, உரப்பை ஒன்று, எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தாயிற்று. கடைசியில் கோழிக்கூட்டின் மேல் கிடந்தது. காற்றுக்குக் கதவு அடிக்காமல் இருக்க நானே வைத்ததுதான். பெடலைக் கழற்றிப் பூட்ட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அன்றைக்கே முடிவெடுத்தேன், இனி டின் வாழ்க்கை போதும்.

என் வேலை பழைய சைக்கிள்களைத் திருத்துவது. பொழுதுபோக்குத்தான், வருமானம் கிடையாது. இடையில் கொஞ்சம் மரவேலையும் உண்டு. இடம், வீட்டோடு சேர்ந்த ஒரு பத்தி. 11 அடிக்கு 8 அடி. இரண்டு சைக்கிள் நின்றால் மனிதன் நிற்க இடமில்லை. அதனால் வெயில் நாளில் முற்றத்து மாமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போகவும், மழை வந்தால் உள்ளே இழுக்கவும் தக்கதாகச் சில்லு வைத்த லாச்சி (இழுப்பறை) பெட்டி ஒன்று வேண்டும் என்று நினைத்தேன். ஒதுக்கிய பணம் 60,000 ரூபாய்.

அம்மாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “ஆயுதப் பெட்டி, ஆயுதப் பெட்டி எண்டு போனில சத்தமாக் கதைக்காத மகன்.” தச்சர்கள் உளி, மரம் அறுக்கும் வாள் எல்லாவற்றையும் ஆயுதம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லப் பயந்த யுத்த காலத்தை அம்மா இன்னும் மறக்கவில்லை. ஆகவே இது எங்கள் வீட்டில் சாமான் பெட்டி.

முதலில் மட்டக்களப்பு டவுனில் ஒரு கடை. ஏழு லாச்சி, சிவப்பு நிறம், முகம் தெரியும் அளவுக்கு மினுக்கம். விலை ஒரு லட்சத்தைத் தாண்டியது. வாங்கப் போவதில்லை என்று தெரிந்தும் பார்த்தேன், பழகுவதற்காக. லாச்சியை முழுதாக இழுத்து, முன் மூலையில் பெருவிரலால் அழுத்தினேன். கீழே போய் மேலே வந்தது. இடம் வலமாக ஆட்டினேன், டொக் டொக் என்றது. கடைக்காரத் தம்பி, “பாரம் ஏத்தினாச் சரியாகும் அண்ணே” என்றார். பாரம் ஏற்றினால் ஆட்டம் கூடுமே தவிர எப்படிக் குறையும்?

பையில் வர்னியர் கலிப்பர் இருந்தது. லாச்சியின் விளிம்பை அளந்தேன்: 0.82 மில்லிமீற்றர். இதில் இரண்டு பக்கத்துப் பவுடர் கோட்டிங்கும் அடக்கம். அது மட்டும் 0.1 முதல் 0.15 மில்லிமீற்றர் வரும். மிச்சம் ஏறத்தாழ 0.7, அதாவது 22 கேஜ். கேஜ் கணக்கு தலைகீழானது என்பதைப் புதிதாக வாங்குபவர்கள் மனதில் வைக்க வேண்டும். எண் குறையக் குறையத் தகடு தடிக்கும். 20 கேஜ் 0.9 மில்லிமீற்றர், 18 கேஜ் 1.2. லாச்சிக்கு 20 போதும். பெட்டியின் உடம்புக்கும் சில்லு பூட்டும் அடித்தகட்டுக்கும் 18 இருந்தால் நிம்மதி. ‘ஹெவி டியூட்டி’ என்று ஸ்டிக்கரில் யாரும் எழுதலாம். தகடு பொய் சொல்லாது.

ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டிகளும் பார்த்தேன். வீடு வீடாகப் போய் வேலை செய்யும் எலக்ட்ரீசியனுக்கு அருமையான சாமான். எனக்கு அல்ல. அடிப்பெட்டியில் இருப்பதை எடுக்க மேல் இரண்டையும் இறக்க வேண்டும். அது மறுபடியும் டின் வாழ்க்கைதான்.

அடுத்த யோசனை, முழுப் பெட்டியையும் செய்விப்பது. காத்தான்குடியில் எனக்குத் தெரிந்த வெல்டிங் பாஸ் (ஒட்டு வேலைக்காரர்) ஒருவர் இருக்கிறார், நானா என்றுதான் கூப்பிடுவேன். படம் வரைந்து கொண்டுபோய்க் காட்டினேன். நானா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். “தம்பி, பெட்டி அடிச்சித் தரலாம். லாச்சி நேரா ஓடணுமெண்டா தகடு மடிக்கிற மெசின் வேணும். அது நம்மட்ட இல்ல. பழசு ஒண்டு தேடிப் புடிங்க, மறுகா வாங்க.” வேலை வேண்டாம் என்று சொல்லும் பாஸைக் காண்பது அரிது. அந்த ஒரு பேச்சு எனக்குக் குறைந்தது 20,000 ரூபாயை மிச்சப்படுத்தியது.

கார்த்திகைத் தொடக்கத்தில் கல்முனைப் பக்கம், மூடிவிட்ட ஒரு கராஜில் பழைய பெட்டி இருப்பதாகத் தகவல் வந்தது. ஐந்து லாச்சி: மேலே மூன்று மெல்லியவை, கீழே இரண்டு ஆழமானவை. நிறம் ஒரு காலத்தில் நீலம். சில்லு இரண்டு இல்லை, சாவி இல்லை. ஆனால் உடம்புத் தகடு 1.2 மில்லிமீற்றர். நான்கு லாச்சிகள், அவை ஓடும் குண்டுமணி சனலில் (பெயாரிங் வைத்த தண்டவாளத்தில்) முழுதாக வெளியே வந்தன. மூலையை அழுத்தினால் அசைவில்லை. ஐந்தாவது பாதி வழியில் நின்றது. பெட்டியைச் சரித்து அடியைப் பார்த்தேன். பழைய பெட்டி வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். துரு இருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினேன், சிராய் உதிர்ந்ததே தவிர ஓட்டை விழவில்லை. 32,000 ரூபாய்க்கு முடிந்தது. பட்டா லொறிக்கு 2,500.

இனி நான் செய்த மடத்தனம். பெட்டி வந்த அவசரத்தில் 3 அங்குலப் பிளாஸ்டிக் சில்லு நான்கு வாங்கிப் பூட்டினேன். விலை மலிவு, அவ்வளவுதான் அதன் சிறப்பு. சீமெந்துத் தரையில் அழகாக ஓடியது. பத்திக்கும் முற்றத்துக்கும் இடையில் தண்ணீர் ஓட ஒரு சின்னக் கான் இருக்கிறது, இரண்டு அங்குல அகலம். முன் சில்லு அதில் இறங்கிச் சிக்கியது. நான் தள்ளிய வேகத்தில் பெட்டி முன்னால் சரிய, பூட்டில்லாத லாச்சிகள் மூன்று ஒன்றாக வெளியே ஓடி வந்தன. மூன்று லாச்சியும் வெளியே வந்தால் பாரம் முழுவதும் முன்னுக்குத்தான். நான் பின்னால் பாய்ந்ததால் கால்விரல் தப்பியது. நட் கழற்றும் சொக்கற்றுகள் முற்றமெங்கும் உருண்டன. ஒரு சில்லின் தண்டு முறிந்து கிடந்தது. 8 மில்லிமீற்றர் சொக்கற்றை இன்றுவரை காணவில்லை, கோழி விழுங்கியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

அன்றைக்குப் பிறகுதான் சில்லைப் பற்றி ஒழுங்காக யோசித்தேன். பெட்டி 45 கிலோ, சாமான் 90 கிலோ என்று வைத்தால் மொத்தம் 135. நான்கால் வகுத்தால் சில்லுக்கு 34 கிலோ என்று தோன்றும். ஆனால் எங்கள் வீட்டுத் தரை போன்ற மேடு பள்ளத்தில் எந்த நேரமும் ஒரு சில்லு அந்தரத்தில் இருக்கும். ஆகவே மூன்றால் வகுக்க வேண்டும், 45 கிலோ. கானில் இறங்கும் அதிர்ச்சிக்கும் சேர்த்து, 80 கிலோவுக்கு மேல் தாங்கும் சில்லாகத் தேடினேன். விட்டம் 5 அங்குலம். பெரிய சில்லு சின்னப் பள்ளத்தைக் கண்டுகொள்வதில்லை. கருப்பு றப்பர் நாட்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் அடி தட்டையாகி, தரையில் கோடும் விழும். கடின பிளாஸ்டிக் வெடிக்கும். பொலியூரிதேன் சுற்றியது இரண்டுக்கும் நடுவில் நல்லது. தண்டு வைத்தது வேண்டாம், நான்கு நட் போடும் தட்டு வைத்ததே வேண்டும். இரண்டு கிறுகும் (சுற்றித் திரும்பும்) சில்லு, பிரேக்குடன், இரண்டு நேர்ச்சில்லு. நான்கும் கிறுகினால் பெட்டி தன்பாட்டில் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் போகும். ஒன்று 2,100 ரூபாய்.

மறுகா நானாவிடம் போனேன். 40 மில்லிமீற்றர் அங்கிள் இரும்பில் (L வடிவ இரும்பு) ஒரு சட்டம், பெட்டியைவிடச் சுற்றிவர இரண்டு அங்குலம் அகலமாக. சரிவதற்கு மருந்து அதுதான். நானா நான்கு மூலையிலும் முதலில் ஒரு பொட்டு ஒட்டு மட்டும் வைத்தார். பிறகு மூலைக்கு மூலை அளவு நாடா பிடித்தார். ஒரு குறுக்கு மற்றதைவிட 4 மில்லிமீற்றர் கூட. நீண்ட மூலையை நிலத்தில் ஊன்றி சுத்தியலால் ஒரே அடி, மீண்டும் அளந்தார், சரி. அதன் பிறகே முழு ஒட்டு. சில்லை ஒட்டிவிடலாமே என்றேன். “ஒட்டினா உள்ளுக்குக் கிறீஸ் உருகும், பூச்சும் எரியும். மறுகா மாத்தவும் ஏலா” என்று துளை போட்டு நட் முடுக்கினார். எல்லாம் சேர்த்து 9,500.

மார்கழி மழையில் பெயிண்ட் அடிக்க வழியில்லை. கடல் எங்கள் வீட்டிலிருந்து அரைக் கிலோமீற்றருக்கும் குறைவு, பின்னால் வாவி. இரண்டே நாளில் புது ஒட்டு மஞ்சள் பிடித்தது. தை பிறந்து வெயில் வரும்வரை பழைய எஞ்சின் எண்ணெயைப் பூசி வைத்தேன். பிறகு அதைத் தின்னரால் துடைத்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு தரம் கழுவினேன். இந்தக் கழுவலைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உப்பு ஒட்டியிருந்தால் மேலே எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் கொப்பளிக்கும். நன்றாகக் காய்ந்த பின் ரெட் ஒக்சைட் இரண்டு பூச்சு, மேலே சாம்பல் நிறம். பெயிண்ட் செலவு 3,200.

லாச்சிக்குள் முதலில் ஸ்பொஞ்ச் விரித்தேன், கடைகளில் அப்படித்தான் இருக்கும். மூன்றாம் கிழமை ஒரு ஸ்பனரைத் தூக்கினால், அதன் அடிப்பக்கம் மட்டும் ஸ்பொஞ்சின் துளை துளையான வடிவில் துரு அச்சடித்திருந்தது. ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டிருக்கிறது அது. கழற்றி எறிந்துவிட்டு, மேசையில் விரிக்கும் தடித்த றெக்சினை வெட்டிப் போட்டேன். சிலிக்கா ஜெல் பொட்டலமும் போட்டுப் பார்த்தேன். லாச்சிப் பெட்டி காற்றுப் புகாத பாத்திரம் இல்லையே, ஒரு கிழமையில் நீல மணிகள் இளஞ்சிவப்பாகிவிட்டன. மாரியில் அது வீண் வேலை. தேங்காய் எண்ணெய் பூசியவை சில மாதத்தில் பிசுபிசுத்து மண் பிடித்தன. தையல் மெசின் எண்ணெய் நனைத்த துணி ஒன்றை முதல் லாச்சியில் வைத்திருக்கிறேன். வேலை முடிந்ததும் ஒரு துடை. இதுவரை அதற்கு மிஞ்சியது எதுவும் இல்லை.

ஐந்தாவது லாச்சியின் சனலில் குண்டுமணிகள் பாதி கொட்டியிருந்தன. 45 மில்லிமீற்றர் அகலச் சனல் ஒரு சோடி 1,900 ரூபாய்க்குக் கிடைத்தது. துளை பழைய இடத்தில் பொருந்தவில்லை, புதிதாகப் போட்டேன். சோடிக்கு 45 கிலோ தாங்கும் என்று எழுதியிருந்தாலும், அதற்கு முன்னே லாச்சியின் அடித்தகடு வயிறு தள்ளும். ஆகவே ஆழமான இரண்டுக்கும் 6 மில்லிமீற்றர் பிளைவூட் போட்டேன், வீட்டில் கிடந்த துண்டு. சுத்தியல், சொக்கற், கிரைண்டர் எல்லாம் அங்கே.

கூட்டிப் பார்த்தால் 57,500. பிளாஸ்டிக் சில்லின் காசை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, அதை வீட்டில் கேட்கவும் வேண்டாம்.

இப்போது பங்குனி. பெட்டி கானைத் தாண்டி முற்றத்துக்குப் போய் வருகிறது, ஒரு கையால் தள்ள முடிகிறது. மூன்றாம் லாச்சியில் அம்மா உடுப்புக் கிளிப்புகளைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். கேட்டால், காலியாகத்தானே கிடந்தது என்கிறார். பூட்டு இன்னும் சரிவரவில்லை. சாவி வெட்டுபவரிடம் உருளையைக் கழற்றிக் கொடுத்து இரண்டு கிழமையாகிறது. அதுவரை தள்ளும்போது லாச்சிகள் ஓடாமல் சைக்கிள் டியூப் ஒன்றைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன்.