சேந்தமங்கலம் ஜெப ஆலயம்: அட்டை மாதிரியில் மாடி முடிந்தது

அட்டையில் செய்துவரும் யூத ஜெப ஆலயத்துக்கு மாடி ஏற்றிவிட்டேன். நாமக்கல்லை அடுத்த சேந்தமங்கலம் அல்ல இது. கேரளத்தில் வடக்குப் பரவூருக்கு அருகே, பெரியாற்றங்கரைப் பகுதியில் உள்ள சிற்றூர். அளவு 1:50. சுவருக்கு மவுண்ட் போர்டு, கூரைக்கு நெளி அட்டை, மரவேலைக்கு பால்சா என்னும் மென்மரம்.

வெளிப்புறம் சீக்கிரமே முடிந்தது. வெள்ளைச் சுவர், ஓட்டுக்கூரை, கிழக்கே முன்னறை. அந்த ஊரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த பாலியத்தச்சன்கள் கொச்சி அரசின் பரம்பரை முதலமைச்சர்கள்; யூதர்களுக்கு ஆதரவாக நின்றவர்கள். இப்போதுள்ள கட்டடம் 1614-இல் எழுந்ததாகச் சொல்கிறார்கள்.

மாடியில்தான் உண்மையான வேலை. யூதர்களின் வேதமான தோராச் சுருளை வாசிக்கும் மேடையைத் தேபா என்பார்கள். பிற நாடுகளின் ஜெப ஆலயங்களில் ஒன்றுதான் இருக்கும், கேரளத்தில் இரண்டு. கூடத்தின் நடுவே ஒன்று, மாடியின் முன்விளிம்பில் இன்னொன்று. ஓய்வுநாளிலும் பண்டிகைகளிலும் மேலே நின்று வாசித்தார்கள். அதற்குச் சற்றுப் பின்னால், மரச்சட்டத் தட்டிக்கு அப்பால் பெண்கள் அமர்ந்திருந்தார்கள். பெண்களை ஒதுக்கி வைத்த மாடி என்று வரைபடத்தைப் பார்த்து நினைத்துவிடலாம். கைப்பட அடுக்கிப் பார்த்தால், வாசிப்பவருக்கு மிக அருகில் இருந்தவர்கள் அவர்களே என்று தெரிகிறது. மலையாளத்தில் யூதப் பாட்டுகளைக் கையெழுத்து நோட்டுகளில் எழுதிக் காத்தவர்களும், ஆண்கள் முன்னிலையில் தயங்காமல் பாடியவர்களும் இந்தப் பெண்கள்தான். அதனால் இந்தத் தட்டியை ஏனோதானோவென்று செய்ய மனம் வரவில்லை.

முதலில் ஈர்க்குச்சியைச் சீவிப் பார்த்தேன். இந்த அளவுக்கு அது தடிமன். கொசுவலைத் துண்டை ஃபெவிகாலில் நனைத்து, இழுத்துக் காயவைத்து, கண்கள் சாய்வாக வரும்படி வெட்டியதும் தட்டி அச்சாக அமைந்தது. மாடியைத் தாங்கும் தூண்களுக்குப் பல்குத்தும் குச்சியே போதுமானதாக இருந்தது. மேல் தேபாவின் வளைந்த கைப்பிடிக்கு மெல்லிய பித்தளைக் கம்பி.

1950-களில் ஊர் யூதர்கள் ஏறக்குறைய எல்லோரும் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். பூட்டிக் கிடந்த கட்டடம் பின்னர் பழுதுபார்க்கப்பட்டு, இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது.

அடுத்தது மேற்குச் சுவரில் சுருள்களை வைக்கும் பேழை. சிவப்பும் பொன்னிறமும் பூச வேண்டும். வாசலில் நிற்கும், சாரா என்ற யூதப் பெண்ணின் கல்லறைக்கல்லையும் வைக்கப்போகிறேன். 1269-ஆம் ஆண்டின் எபிரேயக் கல்வெட்டு அது. இந்தியாவில் கிடைத்தவற்றில் மிகப் பழையது என்கிறார்கள். கூரையை ஒட்டமாட்டேன். கழற்றினால்தான் மாடி தெரியும்.