துணைவேந்தரைத் தெரிவு செய்கிறது யார்?

“எங்கட கம்பஸ் இப்ப தனிப் பல்கலைக்கழகம், இனி முடிவெல்லாம் இங்கதான்” என்று மன்னார் வீதி பஸ்ஸில் ஒரு அண்ணை சொல்லிக்கொண்டு வந்தார். வவுனியா வளாகம் 2021 ஆகஸ்டில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்தது சரி, பம்பைமடுவில் பெயர்ப்பலகையும் மாறிவிட்டது. முடிவு மட்டும் இன்னும் கொழும்பில்தான் இருக்கிறது.

1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தை ஒருக்கால் எடுத்துப் பாருங்கள். பல்கலைக்கழகத்தை நிர்வகிக்கிற சபையான பேரவை மூன்று பெயரை அனுப்பும், அதில் ஒருவரை ஜனாதிபதி துணைவேந்தராக்குவார். அந்தப் பேரவையிலேயே பீடாதிபதிகளை விட வெளியாட்கள்தான் கூட, அவர்களை நியமிப்பது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, அந்த ஆணைக்குழுவை நியமிப்பது யார் என்றால், அதே ஜனாதிபதி! 2019 இல் யாழ் துணைவேந்தரைப் பதவிநீக்கியதும் அந்தக் கதிரைதான்.

காசு இன்னொரு கதை. புதிதாக ஒரு விரிவுரையாளர் பதவி வேண்டுமென்றால் முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் அனுமதிக்க வேண்டும், திறைசேரி ஒரு சுற்றறிக்கை போட்டு ஆட்சேர்ப்பை நிறுத்தினால் கல்வி விஷயங்களைப் பார்க்கிற மூதவை எவ்வளவு நேரம் கூடிப் பேசியும் பலனில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிற யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்கும் இதே கயிறுதான்.

கணக்குக் கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை, அது மக்கள் வரிப்பணம். பேரவைக்கு ஆள் போடும்போது அமைச்சருக்கு வேண்டப்பட்டவரா என்று பார்க்காமல், இந்த மண்ணின் விவசாயம், குளம், மீன்பிடி தெரிந்த நாலு பேரைப் போடலாமே என்பதுதான் என் கேள்வி.